ஜோடிக்கு ஒருத்தி போதாது

நாரணாபுரம்
14.7.2025

ஐஸ்வர்யாவின் அம்மா அவர்களுக்கு,

இசைவாணியின் அம்மா சண்முகத்தாய் எழுதுவது. இதுவரை உங்களை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியாததால் இப்படி ஆரம்பிக்கிறேன். போன் அடித்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நம் பிள்ளைகளின் சிறப்புப் பள்ளி வேன் ஓட்டும் கண்ணுச்சாமி அண்ணன் உங்கள் தெரு வழியாகத்தான் விருதுநகருக்குள் போகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஐஸ்வர்யாவுக்கு வாய் வீக்கம் வடிந்ததா? சோறு மென்று சாப்பிடுகிறாளா, இல்லை கஞ்சிதானா?

அன்றைக்கு நடந்ததை நான் பார்க்கவில்லை. கற்பகவல்லி டீச்சர்தான் சொன்னார்கள். இசைவாணி பந்தை உருட்டக் கையை ஓங்கிய நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பட்டாசு செய்கிற ஆபீஸில் வெடியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சத்தத்தில் திடுக்கிட்டு, உருட்ட வேண்டிய பந்தை எறிந்துவிட்டாள். அது சின்னத் தேங்காய் கனம் இருக்கும் பந்து. ஐஸ்வர்யாவின் முன்பல் உடைந்து ரத்தம் வந்தது. தகவல் கேட்டு நான் வேலை பார்க்கும் பட்டாசு ஆபீஸிலிருந்து ஓடி வந்து நின்றபோது, நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்னது இது: "பட்டாசு ஆபீஸ்காரி வளத்த பிள்ளைக்குப் பந்துக்கும் வெடிக்கும் வித்தியாசம் தெரியுமா?"

என் பிள்ளை செய்தது தப்புதான். அதற்கு உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுவேன். ஆனால் அந்தச் சொல்லை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. எழுதாமல் இருந்தால் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது இசைவாணி பள்ளிக்கூடத்தில் பந்தையே தொடுவதில்லையாம். வேன் வந்து நின்றதும் ஏறி ஐஸ்வர்யாவின் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தன் இடத்தில் உட்காருகிறாள். செப்டம்பரில் கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி. மாவட்டத்தில் ஜெயித்தது இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான். டீச்சர் வேறு ஒரு பிள்ளையை ஜோடியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஐஸ்வர்யா குனிந்து பார்த்து "ம்" என்று சொல்லாமல் என் மகள் பந்தை உருட்ட மாட்டாள். உங்களுக்குத் தெரியாததா?

கோபம் என்மேல் இருக்கட்டும். பிள்ளையை அனுப்பி வையுங்கள்.

சண்முகத்தாய்


விருதுநகர்
17.7.2025

சண்முகத்தாய் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மதுரையில் டாக்டரிடம் காட்டிப் பல்லுக்குக் கேப் போட்டிருக்கிறோம். வீக்கம் இல்லை. சாப்பிடுகிறாள்.

ஐஸ்வர்யா இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டாள். வீட்டில் எல்லாரும் கலந்து பேசி எடுத்த முடிவு. போட்டிக்கும் வர மாட்டாள். டீச்சரிடம் வேறு பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் இசைவாணியும் பழகிவிடுவாள். நம் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

அன்று நான் பேசியது கோபத்தில் வந்தது. அதைப் பற்றி மேலே பேச வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம், வீட்டில் நாலு பேர் கேட்கிறார்கள்.

இசைவாணியைத் திட்டாதீர்கள். அவள் வேண்டுமென்று எறியவில்லை என்று எனக்கும் தெரியும்.

பொன்னுத்தங்கம்


நாரணாபுரம்
4.8.2025

ஐஸ்வர்யாவின் அம்மா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது சரியில்லை.

காலையில் எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. உங்கள் மகன் நவநீதகிருஷ்ணன் இறங்கினான். பின்கதவைத் திறந்தால் ஐஸ்வர்யா. பிள்ளை இளைத்திருக்கிறாள். இசைவாணி வாசலில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணெய்த் தலையோடு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். உங்கள் மகள் புதுச் சட்டையெல்லாம் எண்ணெய். "ஏன் எறிஞ்ச?" என்று கேட்டாள். இசைவாணி காதைப் பொத்திக் காட்டினாள். "சத்தமா? சரி, சரி" என்று இவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவர்கள் இருவருக்குள்ளும் வழக்கு அதோடு முடிந்துவிட்டது.

அப்புறம் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் குறியாக ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, கையில் கிடைத்த பழைய பந்துகளை அதன் பக்கம் உருட்டி ஆடினார்கள். தெருப்பிள்ளைகள் கூடி, கோலி ஆட்டத்துக்குப் போல இரண்டு கட்சி பிரிந்து கத்தினார்கள். நெடுநாளைக்குப் பிறகு இசைவாணி சிரித்ததைப் பார்த்தேன்.

நான் தம்பியிடம் பல் எப்படி என்று கேட்டேன். அவன் ஆடுகிற தங்கையைத் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் சொன்னான்.

"பல்லு ஒண்ணும் காரணம் இல்ல அத்தை. எனக்குத் தேனிப் பக்கம் பொண்ணு பாத்திருக்காக. தங்கச்சி இப்படி இருக்கான்னு அவுகளுக்குச் சொல்லல. மாவட்டப் போட்டி போட்டோ பேப்பர்ல வந்ததும் அம்மா பயந்துட்டாக. இன்னும் கோயம்புத்தூர் வேற போனா ஊருக்கே தெரிஞ்சிருமாம்."

வாரம் ஒருநாள் இப்படியே கூட்டிக்கொண்டு வருகிறேன், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றான். அவன் நல்ல பிள்ளை. தங்கைமேல் உயிராக இருக்கிறான். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒங்கம்மாவுக்குத் தெரியாம இங்கன வர வேண்டாம்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கார் கிளம்பும்போது இரண்டு பிள்ளைகளும் அழுதார்கள்.

வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளையை நானும் ஒரு பக்கம் ஒளித்து வைத்து விளையாட விட்டால், அவளுக்கு ஒளியாமல் நிற்க ஓர் இடம்கூட இல்லாமல் போய்விடும். அதனால்தான் சொன்னேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் போகவில்லை. வருத்தத்துக்குக் காரணம்தான் மாறியிருக்கிறது.

தம்பியைக் கண்டிக்காதீர்கள்.

சண்முகத்தாய்


விருதுநகர்
6.8.2025

சண்முகத்தாய்,

என் வீட்டு விஷயத்தை உன் வாசலில் வைத்துப் பேசியிருக்கிறான் என் மகன். நீயும் கேட்டிருக்கிறாய். கேட்டதோடு எனக்குப் புத்தியும் சொல்கிறாய்.

உன் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகன் இருந்தால் தெரியும். இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனது. இரண்டும் ஐஸ்வர்யாவைப் பார்த்த பிறகுதான். அப்புறம் அவன் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை தனியாக நிற்பதைப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? நான் அவளைச் சங்கிலி போட்டா கட்டி வைத்திருக்கிறேன்? கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறேன். டிவி இருக்கிறது, ஏசி இருக்கிறது. கல்யாணம் முடிகிற வரைக்கும்தான்.

ஆவணி பிறந்ததும் பெண் வீட்டார் வருகிறார்கள். அதுவரை என்னை விட்டுவிடு.

நீ மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பிள்ளைகளும் வாராவாரம் ஆடியிருப்பார்கள், உன் மகளும் பழையபடி பந்தைத் தொட்டிருப்பாள். ஏன் சொன்னாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பொன்னுத்தங்கம்


விருதுநகர்
29.8.2025

அன்புள்ள சண்முகத்தாய்,

என் கடைசிக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதுகிற மாதிரியா நானும் எழுதியிருந்தேன்?

ஐஸ்வர்யா நேற்றுப் பள்ளிக்கூடம் வந்ததை இசைவாணி சொல்லியிருப்பாள், அல்லது அவள் முகமே சொல்லியிருக்கும். அது எப்படி நடந்தது என்று நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். ஐஸ்வர்யாவை மாடியில் உட்கார வைத்து, சமையலுக்கு வரும் பெண்ணைத் துணைக்கு இருக்கச் சொல்லியிருந்தேன். வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிற நேரத்தில் நவநீதன் எழுந்தான். "என் தங்கச்சி மேல இருக்கா. கூட்டிட்டு வாரேன்" என்றான். என் கையில் இருந்த தட்டை யார் வாங்கி வைத்தார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை.

அவள் ரொம்ப மரியாதையாகத்தான் வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பெயர் கேட்டாள். முறுக்குத் தட்டை எடுத்து நீட்டினாள். பெண்ணின் அப்பா முன்னால் மட்டும் கொஞ்சம் நேரம் நின்று, "எனக்கு இந்தப் பல்லு புதுசு. ஒங்களுக்கு எது புதுசு?" என்று கேட்டாள். அந்த மனிதருக்கு இரண்டு வரிசையும் கட்டின பல். பெண்ணின் தம்பி சிரித்துவிட்டான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

நல்லபடியாகப் பேசித்தான் விடைபெற்றார்கள். இரண்டு நாள் கழித்து ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஜாதகம் மூன்று ஜோசியர் பார்த்துப் பொருந்தின ஜாதகம்.

அழ வேண்டும் என்றுதான் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பெருமூச்சு ஒன்று வந்தது, அதோடு தோள் இரண்டும் கீழே இறங்கின. இத்தனை காலமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று பார்ப்பேன். இப்போது அந்த வேலை இல்லை. நவநீதனிடம் வருத்தமா என்று கேட்டேன். "சொல்லிட்டேன்ல, இனிமே வர்றவுக தெரிஞ்சே வருவாக" என்றான். அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

ஐஸ்வர்யா அப்பாவை உனக்குத் தெரியும். மிளகாய் வத்தல் கமிஷன் கடையைத் தவிர வேறு எதிலும் வாய் திறக்க மாட்டார். அன்று சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "டீச்சர்ட்ட பேசிட்டேன். பிள்ளைய வேன்ல ஏத்தி விடு."

ஆகவே போட்டிக்கு ஜோடி இருக்கிறது. டீச்சர் ஒரு செய்தி சொன்னார்கள். கோயம்புத்தூருக்கு ஒவ்வொரு ஜோடியோடும் ஓர் அம்மா வர வேண்டுமாம். உனக்கு இப்போது தீபாவளி சீசன். லீவு கிடைக்காது என்று தெரியும். நான் போகிறேன். ஆனால் இசைவாணியை என்னோடு அனுப்ப உனக்கு மனம் வருமா என்று கேட்காமல் போகக் கூடாது. அந்தச் சொல்லை நான் சொன்ன இடத்தில் எல்லாரும் நின்றார்கள். அவளும் நின்றாள். வர வேண்டாம் என்று நீ சொன்னால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். வேறு பிள்ளையின் அம்மா போகட்டும்.

பொன்னுத்தங்கம்


நாரணாபுரம்
2.9.2025

அக்கா,

உங்கள் கடிதத்தை வேனில் இருந்து வாங்கி, ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். பல்லைப் பற்றிக் கேட்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் தட்டிப்போன கடிதத்தைப் படித்துச் சிரிக்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. தம்பிக்கு நல்ல இடம் அமையும். அவனைப் பார்த்த எனக்குத் தெரியும்.

இசைவாணி அப்பாவிடம் கேட்டேன். "அந்தம்மா சொன்னத மறந்துட்டியா?" என்றார். "மறக்கல. அவுகளும் மறக்கலல்ல" என்றேன். எழுந்து போய்ப் பரணில் இருந்த பெட்டியை இறக்கி வைத்தார்.

ஏன் சொன்னாய் என்று கேட்டிருந்தீர்களே. எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஆபீஸில் ஒருத்தி ஒரு சின்னத் தப்பை மறைத்தால் அது பக்கத்து ரூமில் இருக்கிறவள் தலையில் போய் விடியும். அப்படிப் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிக்கொண்டு போங்கள். சில விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். புது இடத்தில் பாத்ரூம் போக வேண்டும் என்று அவளாகச் சொல்ல மாட்டாள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கூட்டத்தைக் கண்டால் கையைப் பிடிப்பாள். வலிக்கிற மாதிரிப் பிடிப்பாள். உதறிவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் தானே தளரும். தோற்றால் அழ மாட்டாள், எதிராளிக்குக் கைதட்டுவாள். அதற்காக யாரும் அவளைக் கேலி பண்ண விடாதீர்கள்.

அவள் பிறந்ததிலிருந்து என்னை விட்டு ஓர் இரவுகூடத் தள்ளிப் படுத்ததில்லை. அவள் இருந்துவிடுவாள். நான்தான் எப்படி இருப்பேனோ தெரியவில்லை.

சண்முகத்தாய்


விருதுநகர்
23.9.2025

என் தங்கச்சி சண்முகத்துக்கு,

சனிக்கிழமை ராத்திரி போனில் நீ அழுததில் பாதி எனக்குக் கேட்கவில்லை, பிள்ளைகள் போட்ட கூச்சலில் நான் சொன்னதில் பாதி உனக்குக் கேட்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அங்கே போய்ப் பார்த்தால் நம் பள்ளிக்கூடத்து மணல் தரை மாதிரி இல்லை. பெரிய மண்டபத்துக்குள்ளே வழவழப்பான விரிப்பு விரித்திருந்தார்கள். எத்தனை ஊர்ப் பிள்ளைகள்! அப்பாக்கள் தோளில் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார்கள். ஒரு பெரிய போலீஸ் அதிகாரி, யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து தன் மகனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் யாரையும் ஏன் இப்படி என்று கேட்கவில்லை. வந்து கொஞ்ச நேரத்திலேயே என் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்வதை நானே நிறுத்திவிட்டேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். மணலுக்குப் பழகின இசைவாணியின் கைவேகத்தில் பந்தெல்லாம் குறியாக வைக்கும் சின்ன வெள்ளைப் பந்தைத் தாண்டிப் போய்க் கடைசிப் பலகையில் மோதியது. நீ சொன்னது போலவே அவள் எதிராளிக்குக் கைதட்டினாள். ஐஸ்வர்யாவுக்கோ கோபம். பந்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. அழுகிற பிள்ளையைப் பத்துப் பேர் பார்வையிலிருந்து மறைத்தே பழகின உடம்பு இது. பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டேன்.

இசைவாணி நகரவில்லை. கோர்ட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு இவளைப் பார்த்தாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. நடுவர் வந்து அடுத்த ஜோடி ஆட வேண்டும் என்றார், அப்போதும் வரவில்லை. கடைசியில் ஐஸ்வர்யாதான் என் கையை விட்டுவிட்டு அவளைக் கூட்டிவரப் போனாள். இருவரும் கைகோத்து வந்தபோது நான் பையைத் தோளிலிருந்து இறக்கியிருந்தேன்.

தங்கியிருந்த ஹாஸ்டலில் நீளமான வராண்டா இருந்தது. சாயங்காலம் டீச்சர் பந்துகளை எடுத்து வந்தார்கள். நான் ஒரு கோடியில் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்து, வரும் பந்தையெல்லாம் பிடித்துத் திருப்பி அனுப்பினேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான் அப்படி உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இசைவாணிக்கு மெதுவாக விடு, மெதுவாக விடு என்று டீச்சரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். பலிக்கவில்லை. அப்போது ஐஸ்வர்யா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "பூனையத் தடவுற மாதிரி விடு புள்ள" என்றாள். இசைவாணி ஒரு தடவை காற்றில் தடவிப் பார்த்தாள். அடுத்த பந்து என் காலுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றது.

மறுநாள் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் கடைசிப் பந்து இசைவாணியுடையது. எதிராளியின் பந்து வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் இருந்தது. ஐஸ்வர்யா குனிந்து பார்த்தாள், படுத்தும் பார்த்தாள். நடுவர் பொறுமையாக நின்றார். ரொம்ப நேரம் கழித்து "ம்" என்றாள். இவள் தடவி விட்டாள். பந்து போய் வெள்ளைப் பந்தை ஒட்டிக்கொண்டு நின்றது. அளக்கவே தேவையில்லை என்று நடுவர் கையைத் தூக்கினார்.

மூன்றாம் இடம். மெடல் போடும்போது அம்மாக்களையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். ஒருத்திக்கு நான் அம்மா, இன்னொருத்திக்கு உன் இடத்தில் நின்றேன். போட்டோ எடுக்கிறவர் முகத்தை நிமிர்த்தச் சொன்னார், நிமிர்த்தினேன். பேப்பரில் வந்தால் வெட்டி எடுத்து உனக்கு ஒன்று அனுப்புகிறேன். கடையில் ஒன்று மாட்ட வேண்டும் என்று ஐஸ்வர்யா அப்பா இப்போதே சுவரில் ஆணி அடித்துவிட்டார்.

போன் விஷயம். அத்தனை தடவை அடித்தது நான் இல்லை. மேடையை விட்டு இறங்கியதும் உன் மகள் என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அம்மா எடுக்க மாட்டாள் என்று எத்தனையோ சொன்னேன். பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். நீ என்ன நினைத்துப் பதறியிருப்பாய் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மன்னித்துக்கொள்.

கையை இறுக்கிப் பிடிப்பாள் என்று எழுதியிருந்தாய். ரயிலில் திரும்பி வரும்போது நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருக்கிறேன். டீச்சர் சொன்னார்கள்.

உன் அக்கா
பொன்னுத்தங்கம்


நாரணாபுரம்
25.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் உங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு இங்கே நடந்ததையும் கேளுங்கள்.

சனிக்கிழமை முழுக்கப் பெட்டி அடைக்கிற ரூமில் இருந்தேன். கை வேலை பார்த்தது, மனசு இங்கே இல்லை. சாயங்காலம் கேட்டில் போனை வாங்கிப் பார்த்தால் திரை முழுக்க உங்கள் பெயர். அக்கா, எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே நம்பரிலிருந்து இத்தனை தடவை போன் வந்தால் நாங்கள் ஒன்றைத்தான் நினைப்போம், யாரோ போய்விட்டார்கள் என்று. பக்கத்து ரூம் பாண்டிமீனாதான் என்னைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தாள்.

நான் திருப்பி அடிக்கும்போது பஸ் கிளம்பிவிட்டது. ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் என் பிள்ளையின் சிரிப்பு. "அம்மா, போச்சே! மூணு!" என்றாள். அவ்வளவுதான், லைன் போய்விட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் அடைத்து நின்றதெல்லாம் அழுகையாக வந்தது. என்ன ஏது என்று எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். "எம் பிள்ளை... போச்சே..." என்ற மட்டும்தான் வந்தது.

பாண்டிமீனா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்தினாள். பின்சீட்டுக்காரிகள் எழுந்து நின்று அழுதார்கள். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டுகிறேன், அதையும் அவர்கள் ஒப்பாரி என்றே நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் குரல் வந்தது. "ஏ, வெளையாட்டுக்குப் பேரு போச்சேடி! பிள்ளை மூணாவதா ஜெயிச்சிருக்கா!"

பிறகு பாண்டிமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "வெளையாட்டுக்கு வைக்கிற பேராடி இது?" என்றாள். டிரைவர்தான் முதலில் சிரித்தார்.

இத்தனை வருஷமாக அந்த பஸ்ஸில் போகிறேன். அந்தச் சொல்லை வெடி விபத்து நடந்த நாட்களில் நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், சிரித்துக்கொண்டு ஒரு தடவையும் கேட்டதில்லை. அன்றைக்கு நாரணாபுரம் வந்து சேருகிற வரைக்கும் ஒருத்தி மாற்றி ஒருத்தி "போச்சே, போச்சே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம் அக்கா.

சண்முகத்தாய்